இடது கன்னத்தில் போட்ட ஊசி

அம்மை போட்டிருக்கும் உடம்பில் ஊசி படக்கூடாது என்று சொல்லி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரை என் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. காய்ச்சல் குறைய ஒரு ஊசி, அரிப்பு அடங்க ஒரு மருந்து, அவ்வளவுதான். “ஆத்தா எறங்கியிருக்கா, நீங்க போங்கய்யா” என்று சொல்லி, வேப்பிலைக் கொத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உள்ளே வந்தாள். எனக்கு இருபத்து மூன்று வயது. பரிசம் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அம்மா பால் மரம் வெட்டினாள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு டவுனில் ஒரு சீனர் போட்டோக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே வயிறும் எரிகிறது. ஊரார் முகத்தில் இருக்கும் குழிகளை மூடுவதுதான் என் வேலை.

கலர் படம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். அதில்தான் முகம் முகமாக இருக்கும் என்பார். நான் நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால், பருவும் தழும்பும் விழுந்த இடங்களில் சின்னச் சின்னதாகக் கோடு இழைப்பேன். நெகட்டிவில் குழியின் நிழல் வெளுப்பாகத் தெரியும். அதில் பென்சில் கறுப்பு ஏற ஏற, அச்சடித்த படத்தில் அந்தக் குழி காணாமல் போய்விடும். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து சபாக் பெர்ணம் வரை எத்தனையோ பெண்கள் என் கையால் அழகிகளாகிப் புருஷன் வீட்டுச் சுவரில் தொங்கினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

மாப்பிள்ளை ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார். குடும்பம் உலு யாம் பக்கத்துத் தோட்டம். பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தேத்தண்ணி டம்ளரை நீட்டியபோது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் தின்னாத நாளில்லை. பரிசம் போட்டார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பங்குனி வெயிலில் எனக்கு அம்மை வந்தது.

சின்ன வயதில் வந்திருந்தால் நாலு நாளில் விளையாடப் போயிருப்பேன். இருபத்து மூன்றில் வந்தால் அது சும்மா விடாது. நாக்கில், கண் இமைக்குள், தலைமயிருக்குள், எங்கே பார்த்தாலும் கொப்புளம். “சொறியாதடி, முத்துடி, ஆத்தா போட்ட முத்துடி” என்று அம்மா வேப்பிலையால் தடவிக்கொண்டே இருப்பாள். அவள் பால் வெட்டப் போன நேரத்தில் நான் சொறிந்தேன். இடது பக்கமாகத்தான் படுப்பேன், அந்தக் கன்னம்தான் பாயில் கிடந்து வெந்தது. மூன்று தண்ணி ஊற்றி முடித்த அன்று அம்மா கண்ணாடியை எடுத்து ஒளித்துவைத்தாள். எனக்கா தெரியாது? தண்ணீர்த் தொட்டியில் பார்த்துவிட்டேன்.

வலது கன்னத்தில் அங்கங்கே குழி. இடது பக்கம் கன்னமே இல்லை, குழிதான் இருந்தது. நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். “ஏன் ஆத்தா, ஒனக்கு வேற மொகமே கெடைக்கலையா?” என்று தொட்டியைப் பார்த்துத் திட்டினேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

மறுபடி வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி “ஐயையோ” என்பார்கள். அந்த ஐயையோவைக் கேட்டுக் கேட்டு முக்காடு போட ஆரம்பித்தேன். என்னை அரித்துத் தின்றது ஊர்க்காரர்கள் பேச்சு இல்லை, உலு யாம் வீட்டின் மௌனம். பரிசம் போட்ட புதிதில் வாரம் ஒரு சேதி வரும். புடவை என்ன நிறம், பத்திரிகை எங்கே அடிப்பது என்று. இப்போது ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு இன்னும் தெரியாது என்று நான் நினைத்தேன். தெரிந்தால் அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு இந்த முகத்தைப் பார்த்து எப்படி மாறும் என்று வேலை நேரத்தில்கூட யோசித்து யோசித்து, ஒரு மணப்பெண்ணின் மூக்கையே பென்சிலால் அழித்துவிட்டேன்.

தவுக்கேயின் மனைவிதான் முதலில் பேச்செடுத்தாள். நான் அவளைத் தவுக்கேமா என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். அவளுடைய தாடை முன்பு சின்னதாக இருக்கும். சின்னத் தாடை இருந்தால் காசு தங்காது என்று யாரோ சொல்லி, எண்ணெய் ஊசி போட்டு அதை நீட்டிக்கொண்டிருந்தாள். “சூச்சோக் முக்கா” என்பாள். முகத்தில் ஊசி குத்துவதற்கு மலாயில் அப்படித்தான். சிலிக்கான் எண்ணெயாம். கிள்ளானிலிருந்து ஒரு பொம்பளை மாதம் ஒருமுறை செகிஞ்சானுக்கு வருவாள், ஒரு சலூன் மாடியில் வைத்துக் குத்துவாள்.

“ஒரே நாள்தான். குழி மேல வந்துடும். சாகுற வரைக்கும் இருக்கும்” என்று சொல்லித் தன் தாடையைத் தட்டிக் காட்டினாள். தட்டினால் மரப்பலகை மாதிரி இருந்தது. ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தவுக்கேவுக்கு அது பிடிக்கவில்லை. “கோலாலம்பூர் போ, தோல் டாக்டரைப் பாரு” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு கிளினிக் இருந்தது. கடைக்கு ஃபிலிம் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஈஜோக் வழியாகப் போகும் பஸ்ஸில் முக்காட்டோடு உட்கார்ந்து போனேன்.

டாக்டர் நம்மவர்தான், தமிழ் மட்டும் அரைகுறை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். கொலாஜன் என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது, தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றினால் பள்ளம் மேலே எழும்பும் என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், இது மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கிறது. நீங்க ஹிண்டு. அத சொல்லிட்டுத்தான் நான் போடணும்.”

நான் பொட்டைத் தொட்டுக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். அது நிலைக்காது, சில மாதத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும், மறுபடி போட வேண்டும். அதைவிட முக்கியம், போடுவதற்கு முன் கையில் ஒரு சொட்டு வைத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும். சிவந்தாலோ தடித்தாலோ முகத்தில் போடவே முடியாது.

“எண்ணெ ஊசி, டாக்டர்?” என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “சிலிக்கானா? அந்தப் பக்கமே போகாதீங்க. அது எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. போட்டா எடுக்க முடியாது.” எழுந்து கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “ஒண்ணும் போடாம விட்டாக்கூட, ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல பாதி தானா மேல வரும். புதுக் குழி இது. வெயிட் பண்ணுங்க லா.”

ஒரு வருஷமாம்! ஆவணிக்கு நாலு மாதம்கூட இல்லாதவளிடம் ஒரு வருஷம் காத்திரு என்கிறார் மனுஷன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் தவுக்கே என்னை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். நான்தான் கேட்டேன். அந்த நெகட்டிவை விளக்குப் பெட்டியில் போட்டு என் முகத்தை நானே இழைத்தேன். முதலில் இடது கன்னம். ஊர்ப் பெண்களுக்குச் செய்ததைவிட மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அச்சடித்துப் பார்த்தபோது தேத்தண்ணி டம்ளர் நீட்டிய அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பென்சிலால் முடிகிறது, ஊசியால் முடியாதா என்று அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன்.

தவுக்கேமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மாட்டைச் சாப்பிட மாட்டே, முகத்துல மட்டும் வச்சுக்குவியா?” என்று கேட்டாள். அவளும் சாமிக்கு நேர்ந்துகொண்டு மாட்டிறைச்சியை விட்டவள்தான், கிண்டலாகக் கேட்கவில்லை.

“சாப்பிடுறது வாயால. இது கன்னம்” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேடுகெட்ட பதில் என்று தெரிந்தது.

உண்மையில் நான் போட்ட கணக்கு வேறு. எண்ணெய் சாகும்வரை இருக்கும். மாடு கரைந்துபோகும். எனக்குத் தேவை ஆவணி மட்டும்தான். தாலி ஏறி, படம் எடுத்து, அவர் என்னைப் பார்த்துப் பழகி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் கரையட்டும். மாடு கரையும்போது பாவமும் சேர்ந்து கரைந்துவிடும் இல்லையா? ஆத்தாவிடம் அப்படித்தான் பேரம் பேசினேன். ஒரு நாலு மாசம் கண்ணை மூடிக்கொள், அப்புறம் உன் முத்தை நீயே எடுத்துக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இப்படிப் பேரம் பேசியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுபடி கோலாலம்பூர் போனேன். டாக்டர் என் இடது முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு ஏற்றினார். சின்னதாக, வெளுப்பாக, ஒரு கொப்புளம் போல எழும்பி நின்றது. “தொடாதீங்க, ஒண்ணும் பூசாதீங்க, சும்மா பாருங்க” என்றார். கல்யாணத்துக்கென்று சேர்த்த காசில் கொஞ்சம் அங்கே போனது.

நீளக் கைச்சட்டை போட்டுத் திரிந்தேன். தினமும் குளிக்கும் இடத்தில் கையைத் திருப்பிப் பார்ப்பேன். சிவக்கவில்லை. தடிக்கவில்லை. இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான். நான் பாட்டு முணுமுணுத்ததாக அம்மா சொன்னாள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு, வெக்கை தாங்காமல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் படுத்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது கை எரிந்தது. முன்கை முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது அப்பியிருந்தது. கதவில் புது வேப்பிலைக் கொத்து. அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உடம்பு நடுங்க வேண்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது?”

“திரும்ப எறங்கிட்டாடி! கையில முத்து போட்டிருக்கு, நீ பாக்கலையா? நீ அன்னிக்கித் திட்டினே பாரு, அதான். அரைச்சி நல்லா அழுத்தித் தேச்சி விட்டிருக்கேன், தாயி மன்னிச்சிருவா.”

கொலாஜன் சொட்டு அவள் கண்ணுக்கு அம்மைக் கொப்புளமாகத் தெரிந்திருக்கிறது. பெற்றவளைக் குறை சொல்ல முடியுமா? எனக்கே அது அப்படித்தானே தெரிந்தது. அது அம்மை இல்லை, மாட்டுத்தோல் ஊசி என்று சொல்லவா முடியும், ஊசி என்றாலே டிரஸரை விரட்டியவளிடம்? வாயை மூடிக்கொண்டேன். கழுவினால் அலறினாள். தினமும் இரண்டு வேளை விழுது வைத்தாள். என்னை வேலைக்கு விடவில்லை. தோல் உரிந்து, சிவந்து, தடித்து, கை முழுக்க ரணமாகிவிட்டது.

டாக்டரிடம் அந்தக் கையைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். “உங்க அம்மா மஞ்சளா, என்னோட மருந்தா, எதுனால சிவந்துச்சின்னு நான் எப்படிச் சொல்றது? வலது கையில திரும்ப டெஸ்ட். இன்னொரு மாசம். அதுக்கு அப்புறம் ரெண்டு மூணு தடவ முகத்துல போடணும்.”

“டாக்டர், அதுக்கெல்லாம் எங்கிட்ட நாள் இல்ல. மொகத்துலயே போட்டுடுங்க, என்ன ஆனாலும் நான் ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“போட மாட்டேன், மிஸ்.”

கெஞ்சினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, வெட்கம் கெட்டுப்போய்க் கெஞ்சினேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனாள். புடுராயா பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கிழவர் என்னைப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த மாதமே தவுக்கேமாவோடு செகிஞ்சானுக்குப் போனேன். பஸ் ஜன்னலில் வயல் முழுக்கப் பச்சையாக ஓடியது, ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. சலூன் மாடியில் நாலைந்து சீனப் பெண்கள் ஐஸ் கட்டியை மூக்கிலும் நெற்றியிலும் பிடித்துக்கொண்டு சாதாரணமாகக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கிள்ளான்காரி சுத்தமாக உடுத்தியிருந்தாள். நகப்பூச்சு. ஒரு பாட்டிலிலிருந்து, விளக்கெண்ணெய் போலக் கெட்டியாக, நிறமில்லாமல் இருந்ததை ஊசியில் இழுத்தாள். கையில் சொட்டு வைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்தக் கன்னம் என்று மட்டும் கேட்டாள்.

“ரெண்டும்” என்றேன்.

“முதல்ல மோசமானது. இன்னொண்ணு அடுத்த மாசம்” என்றாள்.

ஊசி உள்ளே போனபோது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, எடுக்க முடியாது என்று. கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்போது அந்தச் சிரிப்பைத்தான் நினைத்தேன். அவள் கட்டைவிரலால் என் கன்னத்தை அழுத்தி, மாவு பிசைவது போல் பிசைந்து பரப்பினாள். வலி உயிர் போனது. பிறகு கண்ணாடியைக் கொடுத்தாள். குழிகள் எழும்பி, கன்னம் உப்பி, பளபளவென்று இருந்தது. “சந்தேக்!” என்று தவுக்கேமா கை தட்டினாள். மலாயில் அழகு என்று அர்த்தம். நான் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவ்வளவு சுலபமாக முடிவதற்கா இத்தனை மாதம் செத்தேன் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷம் சில நாள்தான் இருந்தது. கன்னம் சுட ஆரம்பித்தது. வீங்கியது. வீக்கம் வடிந்தபோது எண்ணெய் தாடைப் பக்கமாக இறங்கி, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டியாக இறுகிவிட்டது. மேலே இருந்த குழிகள் அப்படியே மறுபடி பள்ளமாகத் தெரிந்தன. அழுத்தினால் கட்டி நகரவில்லை. அம்மாவிடம் பல்வலி என்று சொன்னேன். அடுத்த மாதம் செகிஞ்சானுக்கு ஓடினேன். கிள்ளான்காரி வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று சலூன்காரிக்குத் தெரியாதாம். தெரியாதாம்! மாதாமாதம் மாடியைத் திறந்துவிட்டவளுக்கு!

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாடகைக் கார் ஒன்று எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். கையில் தூக்குச் சட்டியில் கூழ், வாழை இலையில் மஞ்சள், குங்குமம், வேப்பிலை. கூட வேறு யாரும் இல்லை. உள்ளே ஓடிப்போய் முந்தானையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் நேராக உள்ளேயே வந்துவிட்டார்.

“வாடி என் தங்கம். எங்க கோயில்ல கூழு ஊத்தி முடிச்சிட்டுத்தான் ஒன்ன வந்து பாக்குறதுன்னு நேந்துக்கிட்டேன். அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, சேதி அனுப்பக் கூடாது. அதான் வரல, கோச்சிக்கிட்டியா?”

“ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“என்ன கேள்வி இது? தல மேல காய்ச்சல் ஏறுன அன்னிக்கே ஒங்க அம்மா சொல்லி விட்டாங்களே. பரிசம் போட்ட பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணும்மா. ஒனக்கு எறங்குனா எங்களுக்கு எறங்குன மாதிரி. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் எங்க வீட்டுல தாளிப்பு இல்ல, கறி மீனு இல்ல. ஒன் மாப்பிள்ள சவரம் பண்ணல. ஃபேக்டரியில எல்லாரும் கேலி பண்ணாங்க, தாடியோடயே போனான்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் என் வலது கன்னத்தில் கை வைத்தார். விரலில் மஞ்சள் வாசம். ஒவ்வொரு குழியாகத் தடவினார். முகம் சுளிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. “ஆத்தா கை பட்ட மொகம்டி இது. எங்க வீட்டுக்கு வெளக்கேத்த வேற மொகம் எதுக்கு?” என்றார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கை வலது கன்னத்தை முடித்துக்கொண்டு முந்தானையை விலக்கி இடது பக்கம் வந்தது. கட்டியின் மேல் வந்து நின்றது.

“இது என்னம்மா?”

“பல்லு வலி, சம்பந்தி. வீங்கியிருக்கு” என்றாள் அம்மா. பாவம், அவள் நம்பித்தான் சொன்னாள்.

நானும் பல்வலி என்றே விட்டிருக்கலாம். இத்தனை மாதம் எத்தனை பொய் சொல்லியிருப்பேன்! அந்தக் கை கன்னத்தில் இருக்கும்போது பொய் வரவில்லை.

“ஊசி அத்தை. குழிய மூட எண்ணெ ஊசி போட்டுக்கிட்டேன். அது எறங்கிக் கட்டியாயிடுச்சி.”

“எதுக்கு?”

“நீங்க என்ன வேணாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்.”

கை விலகியது. வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. “ஆத்தா மொகத்துலயா ஊசி குத்துன?” என்று கேட்டார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். கூழை அம்மாவிடம் கொடுத்தார். குங்குமத்தை என் நெற்றியில் வைக்க எடுத்தவர், இலையோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“முத்துக்கு நான் பயப்படலம்மா. இதுக்குத்தான் பயமா இருக்கு.”

கார் போனதும் நானும் அம்மாவும் லயமே கேட்கும்படி சண்டை போட்டோம்.

“அவங்களுக்குச் சொல்லி விட்டேன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“பதிலே வரலையேடி! வேணாம்னு நெனச்சிட்டாங்களோன்னு பயந்துபோய்க் கெடந்தேன். சொன்னா நீ ஒடஞ்சி போயிருவேன்னு சொல்லல. நீ ஏண்டி ஊசின்னு சொல்லல?”

“சொன்னா விடுவியா நீ?”

“விட மாட்டேன்தான்! விட்டிருக்க மாட்டேன்தான்!” என்று அம்மா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். கூழ் யாரும் தொடாமல் புளித்துப்போனது.

ஆடி முடிவதற்குள், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த உறவுக்காரம்மா வந்து, கல்யாணம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டி என்னவாக மாறுமோ, ஆத்தா குத்தம் வேறு, பெரியவர்களுக்கு மனசு ஒப்பவில்லையாம். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்காகத் தாடி வளர்த்த மனுஷனுக்கு, ரவாங்கிலிருந்து ஒரு பஸ் ஏறி வர முடியவில்லை. நானாவது போயிருக்கலாம். இந்தக் கன்னத்தைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது?

டாக்டர் சொன்னது பலித்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போகப் போக, வலது கன்னத்துக் குழிகள் தானாகவே மேலே வந்துவிட்டன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இடது கன்னத்திலும் அப்படித்தான், மேல்பக்கம் முக்கால்வாசி மறைந்துவிட்டது. கட்டி மட்டும் போகவில்லை. வெயிலில் சிவக்கும், மழை நாளில் வலிக்கும். அறுத்தால் வாய் கோணிவிடும் என்று எல்லா டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். கடைசியில் யாரும் வரவில்லை.

படம் எடுக்க உட்காரும்போதெல்லாம் வலது பக்கத்தைத் திருப்பித்தான் உட்காருவேன். தவுக்கே கேட்காமலே விளக்கை அந்தப் பக்கம் வைத்துவிடுவார். அந்த ஆடி வெள்ளிக்குப் பிறகு, என் இடது கன்னத்தை நான் யாரையும் தொடவிட்டதில்லை. அம்மாவைக்கூட.